கோச்சைத் தூக்கலாமா, கூடாதா?

மீன் வாங்கப் போனவள் ஃபுட்பால் பஞ்சாயத்தில் உட்கார்ந்துவிட்டு, வெறும் பையோடு வீடு திரும்பினேன். வீட்டுக்காரர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மீன் எங்கே?"

"கோச்சைத் தூக்கலாமா வேண்டாமான்னு இழுத்துக்கிட்டே போயிடுச்சு" என்றேன்.

அவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் விளக்கம் கேட்பதை அவர் என்றோ நிறுத்திவிட்டார். உங்களுக்காவது சொல்கிறேன்.

பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிப் பொன்னேரிக்குக் குடிவந்ததிலிருந்து எனக்கு மீன் என்றால் செல்விதான். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருக்கிறது அவள் ஊர். பெயர் சொல்லமாட்டேன் — சொன்னால் அடுத்த முறை எனக்கு நண்டைப் பொறுக்கித் தரமாட்டாள். அன்று போனால், செல்வியின் கூடை கவிழ்த்து வைத்திருக்கிறது. பக்கத்துக் கூடைகளும் அப்படியே. மனித நடமாட்டமே இல்லை. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குப் பக்கென்றது.

செல்வி எங்கிருந்தோ ஓடி வந்தாள். "ஒண்ணும் இல்லக்கா. டீம் மீட்டிங்கு. மீனு அப்பால பாத்துக்கலாம், நீயும் வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வலை பழுது பார்க்கும் ஷெட்டில் ஊரே கூடியிருந்தது. நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தவர் டீக்கடை தனா. ஊர் ஃபுட்பால் டீமின் நம்பர் ஒன் ரசிகர். இவர் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லையாம். ஆனால் டீம் தோற்றால் மறுநாள் கடை திறக்கமாட்டார். இந்த சீசனில் ஊருக்குள் டீயே கிடைப்பதில்லை என்றாள் செல்வி.

"தூக்கணும்! மூணு பேரையும் தூக்கணும்! எறங்குன மேட்ச்செல்லாம் ஊத்திக்கிச்சு. வர்ற ஞாயித்துக்கெழமயும் தோத்தா டோர்னமெண்ட்ட வுட்டே வெளிய. மெட்ராஸ்லேந்து ஒரு கோச்ச இட்டாந்துரலாம். இன்னான்றீங்க?"

எனக்கு முதல் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அதென்ன மூன்று பேர்? ஒரு டீமுக்கு ஒரு கோச்தானே?

"யாரு கோச்சுன்னு மொத வருசமே அடிதடி ஆயிடிச்சுக்கா" என்று செல்வி காதைக் கடித்தாள். "அதான் பாடு வெச்சுட்டாங்கோ."

பாடு என்பது அந்த ஏரியின் ஏற்பாடு. ஏரியில் மீன் நிறையப் படும் இடமும் உண்டு, ஒன்றுமே படாத இடமும் உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது? சண்டை வராமல் இருக்கச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. வலை நிறைந்தாலும் உன் பாடு, வெறுங்கையோடு வந்தாலும் உன் பாடு.

நல்ல ஏற்பாடுதான். மீனுக்கு! அதை அப்படியே தூக்கி ஃபுட்பால் கோச்சுக்கு வைத்தால்?

ஒரு மேட்ச் முருகேசன் பாடு. செல்வியின் கணவர், ஏரியில் பாடு உள்ளவர், காலையில் மீன் ஏலமும் கூப்பிடுகிறவர். அவர் கணக்கில், பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்தைத் தட்டித் தட்டியே கோல்வரை போகவேண்டும். அடுத்த மேட்ச் ஜோசப் பாடு. பெயின்டர். பள்ளிக்கூட டீமில் ஆடியவர். எல்லோரும் நம் கோலுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள் என்பார். அதற்கடுத்தது செல்போன் கடை பாபு பாடு. ராத்திரியெல்லாம் வெளிநாட்டு மேட்ச் பார்க்கிறவர். யார் எங்கே நிற்பது என்று நாலு-மூணு-மூணாக மணலில் கோடு கிழிப்பார். அப்புறம் மறுபடியும் முருகேசன்.

டீம் கேப்டன் பையன் எழுந்து பரிதாபமாகச் சொன்னான்: "பந்து காலுக்கு வந்ததும் இது யாரு பாடுன்னு யோசிக்கறோம்ணா. அதுக்குள்ள அவன் புடுங்கிக்கினு பூடறான்."

இப்படி ஒரு டீம் ஜெயித்தால்தானே அதிசயம்!

தனா சொல்வது சரி என்று பட்டது. மூன்று பேரையும் தூக்க வேண்டியதுதான். நான் தலையாட்டி முடிப்பதற்குள் பாபு எழுந்தார்.

"கோச்சு இன்னா தல பண்ணுவான்? உள்ள எறங்கி நானா ஆட முடியும்? போன மேட்சுல பெனால்டிய வானத்துக்கு அடிச்சது யாரு?"

அட, இதுவும் சரிதானே? ஆனால் பெனால்டி அடித்த பையனின் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். "எம்புள்ளய இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு பாப்போம்!"

பாபு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பதினோரு பையன்களுக்கும் அம்மா இருக்கிறாள், அத்தை இருக்கிறாள், சித்தி இருக்கிறாள். எவனையும் தொட முடியாது. கோச் மட்டும்தான் அனாதை. எங்கள் பேங்கிலும் இதேதான். டெபாசிட் குறைந்தால் மேனேஜரை மாற்றுவார்கள். புது மேனேஜர் வருவார், சாமி படத்துக்குப் பூ போடுவார், டெபாசிட் அதே இடத்தில் நிற்கும். ஒன்று கெட்டுப்போனால் நமக்குக் காரணம் வேண்டியதில்லை. ஒரு ஆள் வேண்டும்.

சரி, கோச்சுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாளே, அவள் பரிந்து பேசமாட்டாளா என்கிறீர்களா? செல்வி எழுந்தாள்.

"எங்கூட்டு ஆளத்தான் மொதல்ல தூக்கணும். மேட்ச் அன்னிக்கு கத்திட்டு தொண்ட கட்டிக்கினு வருது. மறுநா ஏலம் கூப்புட கொரலு இல்ல. ஜெயிச்சுட்டாவது கத்துனா பரவால்ல..."

"யம்மா தாயே, நீ எந்தக் கட்சி?" என்றார் முருகேசன்.

"நான் டீம் கட்சி."

ஷெட்டே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தனா என் பக்கம் திரும்பினார். "எக்கா, நீ பேப்பர்ல எழுதறவ. நாலு விசயம் தெரிஞ்சவ. நீ சொல்லு, தூக்கலாமா கூடாதா?"

மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொல்வதே சரி என்று படும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுச் சண்டையில்கூட இரண்டு பக்கமும் மாறி மாறி நியாயம் தெரியும் எனக்கு. "மூணு பேரும் உக்காந்து பேசி..." என்று இழுத்தேன். "அது தெரிஞ்சா நாங்க ஏன்கா இங்க உக்காந்துனு கீறோம்?" என்றார் தனா.

கடைசியில் தனாவே ஒரு வழி சொன்னார். "செரி, மூணு பேரும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஞாயித்துக்கெழம மேட்சு வாழ்வா சாவா மேட்சு. ஜோசப்பு பாடு அது. அத்த முருகேசனுக்கு மாத்திரலாம். பசங்க முருகேசனுக்குத்தான் கொஞ்சமாச்சும் பயப்படறானுங்கோ. ஜோசப்பு இன்னா சொல்லப் போறான்? இன்னாப்பா ஜோசப்பு?"

எல்லோரும் திரும்பினார்கள். அப்போதுதான் நானும் அவரைப் பார்த்தேன். பின்னால் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார் போல, முழங்கைவரை சுண்ணாம்பு வெள்ளை.

"ஏரில எனக்கு பாடு இல்லண்ணே" என்றார். "எங்க நைனாவுக்கும் இல்ல. அவுங்க நைனாவுக்கும் இல்ல. இந்த ஊர்ல எம்பேரு சீட்டுல எழுதி குலுக்குனது இது ஒண்ணுக்குத்தான். இத்தயும் எடுத்துக்குறதுன்னா... எடுத்துக்கோங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏரிக்கரையில் வீடு, ஏரியில் பாடு இல்லையா? செல்வியிடம் கேட்டேன். பாடு சில குடும்பங்களுக்குத்தானாம். ஜோசப் வீட்டார் பரம்பரையாகக் கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

"அதான் ஏன்?"

"இல்லக்கா. எப்பவுமே இல்ல." கடைசி பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வாயைத் திறந்தவர் முருகேசன்தான். "வுட்ருங்கப்பா. பாட்டுல கை வெக்காதீங்கோ. போன வாரம் ஏரில என் பாடு. ஒரு எறா கூட படல. வெறும் வலையத் தூக்கிக்கினு வந்தேன். உன் பாட்ட குடுறான்னு யாருனா கேட்டீங்களா? பந்துக்கு இன்னிக்கு எடுப்பீங்கோ. நாளிக்கு ஏரிக்கும் எடுப்பீங்கோ."

அவ்வளவுதான். ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் சொந்த வலை ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜோசப் பாடுதான் என்று முடிவாயிற்று. நியாயத்துக்காக முடிவு செய்தார்களா, பயத்துக்காகவா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போகாமல் இருப்பேனா? போன முறை வாங்காத மீனை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஜோசப் கல்யாணத்துக்கு வந்தவர்போல் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, ஷூ. கையில் ஒரு பொட்டு பெயின்ட் இல்லை. தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது. அவர் மனைவியும் மகளும் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பையன்களைக் கூப்பிட்டார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். "ஆடுங்கப்பா" என்றார். அவ்வளவே.

அப்புறம் ஆட்டம் முடியும்வரை அவர் வாயே திறக்கவில்லை. எனக்கு ஃபுட்பால் தெரியாது. ஆனாலும் நம் பையன்கள் அன்று ஆடியது படுமோசம் என்று எனக்கே தெரிந்தது. எதிர் டீம் அடித்த பந்தெல்லாம் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. செல்வி எல்லா சாமியையும் துணைக்குக் கூப்பிட்டாள். ஆட்டம் முடிகிற நேரத்தில், எதிர் டீம் பையன் ஒருவன் சாவகாசமாகத் தன் கோல்கீப்பருக்கே பந்தைத் திருப்பி அடித்தான். கோல்கீப்பர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டு உருண்டு உள்ளே போய்விட்டது.

ஒன்று — பூஜ்யம். ஜெயித்துவிட்டோம்!

அந்தக் கூச்சலை நான் என்னவென்று சொல்ல! தனா அழுதேவிட்டார். ஜோசப்பைத் தோளில் தூக்கிக்கொண்டார். "பாத்தீங்களாடா? கடைசி வரிக்கும் வாயே தொறக்கல பாரு. அதான்டா டாக்டிக்ஸு! அந்த ரெண்டு பேரையும் தூக்கு! இனிமே எல்லா மேட்சும் ஜோசப்புதான்!"

"ஜோசப்பு! ஜோசப்பு!" என்று ஊரே கத்தியது. அன்றைக்கு அவர் பாட்டையே பிடுங்கப் பார்த்த அதே ஊர். செல்வியும் கத்தினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும்தான். அடுத்த பாடு பாபுவுடையது. மணலில் கோடு கிழிக்கிற குச்சியோடு அவர் ஓரமாக நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

ஜோசப் தனாவின் தோளைத் தட்டிக் கீழே இறங்கினார்.

"அடுத்தது பாபு பாடு" என்றார்.

"அவன் தோத்துருவான்டா!"

"தோத்தா தோக்கட்டும்ணே. அவரு பாடு."

தனா கெஞ்சினார். கேப்டன் பையன் கெஞ்சினான். மனிதர் அசையவில்லை. எனக்குத் தலை சுற்றியது. ஒருவேளை பயந்துவிட்டாரோ? கூட்டம் கலைந்ததும் கேட்டேவிட்டேன். "ஏன் ஜோசப், ஊரே தூக்கிக் குடுக்குது. வேணாங்கறீங்களே?"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சிரித்தார். "எல்லா நாளும் நானேன்னா அது பாடு இல்லக்கா, வேலை. வேலதான் டெய்லி கீதே நமக்கு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

பாபு தோற்றுவிட்டார். மூன்று கோல். டோர்னமெண்டை விட்டு வெளியே. தனா கடை திறக்கவில்லை. மறுபடி மீட்டிங், மறுபடி தூக்கணும், கூடாது. யாரையும் தூக்கவில்லையாம். அடுத்த சீசனுக்கு மூன்று பேர் பெயரையும் போட்டுக் குலுக்கியாயிற்று, முதல் பாடே ஜோசப்புக்கு விழுந்திருக்கிறது என்று இந்த வாரம் போனபோது செல்வி பூரித்துப்போய்ச் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் செல்வி, அடுத்த தபா ஏரிக்கு சீட்டுக் குலுக்கறப்பவும் ஜோசப் பேரை எழுதிப் போடலாமே?" என்றேன்.

செல்வி குனிந்து கூடையைக் கிளறினாள். கொஞ்ச நேரம் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"எறா நல்லா கீதுக்கா. ஒரு கிலோ போடட்டா?"

போடச் சொன்னேன்.