இரும்புக் கடையில் கம்பியில்லா இணையம்

2007 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, திருப்புலிவனம், உத்திரமேரூர் கோவில்களைப் பார்க்கக் கிளம்பினேன். கட்டடங்களுக்கு எத்தனை கம்பி, எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பது என் தொழில். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். அதனால் வயர்லெஸ் இன்டர்நெட் கார்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஐந்நூறு ரூபாய்க்குப் பத்து மணி நேரம். விமான நிலையம், பெரிய ஓட்டல் என்று அது வேலை செய்யும் இடங்களின் பட்டியலும் கூடவே தருவார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் 'உத்திரமேரூர், பஜார் தெரு, இரும்புக் கடை' என்றிருந்ததை அச்சுப்பிழை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் 9.40க்குப் பஸ். 24 கிலோமீட்டர், எட்டு ரூபாய். 10.35க்குத் திருப்புலிவனம். கோவிலில் கூட்டமே இல்லை. சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த கல் விளிம்பை அண்ணாந்து பார்த்து, இத்தனை நூற்றாண்டாக எது இதை விழாமல் பிடித்திருக்கிறது என்று வாய் பிளந்து நின்றேன். தொழில் புத்தி, சும்மா இருக்குமா? அப்போதுதான் நான் வரைந்த ஒரு படம் நினைவுக்கு வந்தது.

தர்மபுரி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, மாடி நடைபாதை சுவரிலிருந்து நான்கடி வெளியே நீளும்படி வரைந்து கொடுத்திருந்தேன். அடியில் தூண் கிடையாது. அந்த மாதிரி தளத்துக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் பிள்ளைகளோடு மடிந்து விழும். லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். கீழ்ப்பக்கம் காட்டியிருந்தேன். பதினோரு வருட அனுபவமாம், வெட்கக்கேடு!

சைட் சூப்பர்வைசர் செல்வத்துக்கு போன் போட்டேன்.

"மேடம், வாயால சொன்னா கான்ட்ராக்டர் ஒத்துக்க மாட்டாரு. நீங்க கையெழுத்துப் போட்ட படம் வேணும். மூணு மணிக்குக் கான்கிரீட் போடுறோம்."

மண்டபத்திலேயே உட்கார்ந்து படத்தைத் திருத்தினேன். என் கையெழுத்தின் ஸ்கேன் லேப்டாப்பில் இருந்தது. அதை ஒட்டி முடித்தபோது மணி 12.10. அனுப்புவதுதான் பாக்கி.

உத்திரமேரூர் நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். பிரவுசிங் சென்டர் பூட்டிக் கிடந்தது. பட்டியலைக் காட்டி இரும்புக் கடைக்குப் போகச் சொன்னால், ஆட்டோக்காரர் வேண்டாமென்று தலையாட்டினார்.

"அங்க இன்னாத்துக்கும்மா? பாய் கடைல கம்பி இல்லியாம். பெரிசா போர்டே மாட்டிகீறாரு."

"கம்பி வேண்டாங்க, இன்டர்நெட்."

"இரும்புக் கடைலயா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போர்டைப் பார்த்ததும் அந்த அவசரத்திலும் சிரிப்பு வந்தது. 'கம்பியில்லா' என்று ஆளுயர எழுத்து. அடியில் எறும்பு ஊர்வதுபோல் 'இணைய சேவை'. கடைக்காரர் ரஹீம் பாய், ஜும்மா தொழுகைக்காக ஷட்டரில் கை வைத்திருந்தார்.

"ஒரு வாரமா ஒரே பேஜார் மேடம். வூடு கட்றவன்லாம் போர்டப் படிச்சிட்டு அப்டியே திரும்பிப் பூட்றான். உள்ள பத்து டன் கீது!"

விஷயத்தைச் சொன்னேன். கம்பி விற்கிறவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, பசங்க நடக்கிற எடமாச்சே! நான் ஷட்டர் போட்டாலும் வரும் மேடம். மிசின் ஓடிக்கினு இருக்கும், ஆன்டெனா மாடில கீது. அந்த ஓட்டு அடுக்கு மேல குந்தி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார்.

மூடிய கடை. வெளியே வேப்பமர நிழலில், சிமென்ட் ஓட்டு அடுக்கின்மேல் நான். எதிரே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர். கார்டைச் சுரண்டி எண்ணை அடித்தேன். இணைப்பு வந்துவிட்டது! என் மடிக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு நூல்கூட இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. படம் போய்ச் சேரப் பதினொரு நிமிடம் ஆனது. 1.05க்குச் செல்வம் போன் செய்து, "வந்துருச்சு மேடம், கான்ட்ராக்டர் கம்பியப் பிரிக்கச் சொல்லிட்டாரு" என்றார். கோவிலுக்குப் போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு செல்வத்திடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் வானம், பிறகு சுவர், பிறகு கம்பிகள். திரும்பி வந்திருந்த பாய் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தார்.

"பன்னெண்டு எம்எம். மேலதான் கட்டிகீறான் மேடம். இனிமே கான்கிரீட் ஊத்தலாம்."

அழுதுவிட்டேன். பாய் பார்க்காத மாதிரி உள்ளே போய், கடைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை 12.45 முதல் 2 மணிவரை கடை கிடையாது, ஆனால் சிக்னல் உண்டு. பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டு போங்கள். காஞ்சிபுரத்துக்குச் சாயங்காலம் அரை மணிக்கொரு பஸ், ஒன்பது ரூபாய். கோவில்களுக்கு முழுதாக ஒரு நாள் ஒதுக்குங்கள், நான் பாதிதான் பார்த்தேன்.

ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இடைவேளை மணி அடித்ததும் ஒரு வகுப்பே தடதடவென்று அந்த நடைபாதையில் ஓடியது. நான் நேர் கீழே நின்றிருந்தேன். நகரவில்லை.