ஊதா மூடியிலிருந்து சில துளிகள்

சுந்தரவல்லிக்கு அன்று காலை கண் எரிந்தது. முந்தைய நாள் மதியம் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குள் நுழைந்தவள் இன்னும் வீடு திரும்பவில்லை. காலை ஷிப்டுக்கு வரவேண்டிய சுஷ்மிதா, குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டாள். மாற்றிவிட வேறு ஆள் இல்லை.

கல்பாக்கத்துக்கு அருகில், கடற்கரைச் சாலையை ஒட்டிய சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து, இருபத்திரண்டு வருஷமாக வந்துபோகிறாள். ஒரு முறைகூட அவள் கொடுத்த ரிப்போர்ட் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. தன் கணவரின் கடைசி ரத்தத்தையும் அவளே பரிசோதித்தாள். முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அழப் போனாள்.

பத்து மணிக்கு வேண்டா என்பவளை அவள் மகன் பாலா அழைத்து வந்தான். பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். பழைய சர்க்கரை நோயாளி, சிறுநீரகமும் பலவீனம். இரண்டு நாளாக வாந்தி, பேதி.

"இன்னா வல்லிம்மா, எங்கைல கீற ரத்தம் பூராவும் உன் மிஷினே குடிக்குது. எனக்கு இன்னா மிச்சம்?"

"வாய் மட்டும் மிச்சம் இருக்கு இல்லக்கா? அது போதும், கைய நீட்டு."

உடம்பில் நீர் வற்றி, நரம்புகள் நூலாகக் கிடந்தன. மூன்று குத்து வீண். நான்காவதில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஊதா மூடிக் குழாய் நிறைந்தது. உப்புகளைப் பார்ப்பதற்கான சிவப்பு மூடிக் குழாயில் நான்கைந்து துளி விழுவதற்குள் நரம்பு அடைத்துக்கொண்டது. எப்போதும் வாயாடும் வேண்டா சின்னப் பிள்ளைபோல் உதட்டைக் கடித்து அழுதாள்.

"போதும் தாயி. இனிமே தாங்காது."

ஐந்தாவது முறை அந்தக் கையைக் குத்தச் சுந்தரவல்லியின் மனம் துணியவில்லை. ஆய்வகத்துக்குள் வந்தாள். ஊதா மூடியைத் திறந்து, அதிலிருந்து கொஞ்சம் சிவப்புக் குழாயில் சாய்த்தாள். சுவரில் அவளே எழுதி ஒட்டிய தாள் தொங்கியது: 'ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றக் கூடாது.' அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஊற்றினாள். தெரியாமல் செய்யவில்லை. அந்த நேரத்தில் களைப்பு, தெரிந்ததையெல்லாம் மங்கலாக்கியிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரையில் முதல் எண் வந்தது. பொட்டாசியம் 8.6. இதயம் எந்த நொடியும் நின்றுபோகும் அளவு. அபாய எண் வந்தால் தாளுக்குக் காத்திராமல் போனில் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். சொன்னாள்.

"எட்டு புள்ளி ஆறா? உடனே இறக்கணும் மேடம். இன்சுலின் போடறேன்" என்றார் வார்டில் இருந்த டாக்டர் ஷ்ரவண்.

போனை வைத்தாள். திரையில் அடுத்த எண் வந்தது. கால்சியம் 3.8.

இவ்வளவு குறைந்தால் விரல்கள் இழுத்துக்கொள்ளும், நாக்கு குழறும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வேண்டாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"டேய் பாலா, கட சாவிய யார்கிட்டடா குட்த்த? அவன் சட்னில தண்ணிய ஊத்தி என் பேர நாறடிச்சிருவான்டா!"

சுந்தரவல்லியின் கண் ஊதாக் குழாய்க்குப் போனது. ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து உண்டு. அந்த மருந்திலேயே பொட்டாசியம் இருக்கிறது. அது கால்சியத்தையும் விழுங்கிவிடும். அந்த 8.6 வேண்டாவின் ரத்தத்தில் இருந்ததல்ல, தான் ஊற்றியது. வாந்தியும் பேதியுமாய்க் கிடந்தவளுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அதில் இன்சுலினும் ஏறினால்?

வார்டுக்கு ஓடினாள். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்றது. நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"போடாதீங்க டாக்டர்! அந்த ரிசல்ட் தப்பு."

"மிஷின் கோளாறா?"

ஒரு கணம் அந்தப் பதில் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. மிஷின்மேல் போட்டுவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

"மிஷின் இல்ல. ஊதா டியூப்லேர்ந்து நாந்தான் ஊத்தினேன்."

"நீங்களா மேடம்?" என்றார் அவர். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சுந்தரவல்லி வேண்டாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "அக்கா, மறுபடி குத்தணும். உனக்கு வலிக்குமேன்னு பாத்து ஒரு தப்பு பண்ணிட்டேன்."

 வேண்டா சேலையைக் கணுக்கால் வரை ஒதுக்கிப் பாதத்தை நீட்டினாள்.

"நீ பாவம் பாத்தின்னா நான் போய்ச் சேந்துருவேன் போலக்கீதே. குத்து வல்லிம்மா. நான் அயுதா அயுதுகினு போறேன், நீ கண்டுக்காத."

அழத்தான் செய்தாள். சுந்தரவல்லி பாதத்து நரம்பில் குத்திப் புதுச் சிவப்புக் குழாயை நிறைத்தாள்.

பொட்டாசியம் 2.9. மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டியது.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "இன்சுலின் போயிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் நர்ஸிடம் திரும்பி வேறு மருந்து சொன்னார்.

பதிவேட்டில் வேண்டாவின் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதினாள் சுந்தரவல்லி: 'முதல் ரிப்போர்ட் தவறு. குழாய் மாற்றி ஊற்றியது நான்.' இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிராக விழுந்த முதல் சிவப்பு வரி. நாளை நிர்வாகி கூப்பிடுவார். வேலை இருக்குமோ, போகுமோ. யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

மதியம் கிளம்பும்போது வார்டை எட்டிப் பார்த்தாள். கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருக்க, வேண்டா வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். சுந்தரவல்லி அந்தக் குறட்டையைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் கழன்ற செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.