ஸ்போர்ட்ஸ் காருக்காக வாதாடிய அருளப்பு அண்ணை

அருளப்பு அண்ணை போய்விட்டார்.

இப்போதுதான் போன் வந்தது. அழுதபடியே எழுதுகிறேன்... பிழை இருந்தால் மன்னியுங்கள்.

காலையில் தேநீர் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தாராம். அவருடைய மனைவி பிலோமினா அக்கா கோப்பையை எடுக்கப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

போன கிழமைதானே அரை மணித்தியாலம் கதைத்தோம்! சிரித்துச் சிரித்துக் கதைத்த மனுசன். எப்படி நம்புவது?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கனடா வருவதற்கு முன் நான் ஊர்காவற்றுறைச் சந்தியில் ஹயர் கார், அதாவது வாடகைக் கார், ஓடினேன். எனக்குப் பக்கத்தில் நிற்பது அருளப்பு அண்ணையின் பழைய ஒஸ்ரின் கார். முக்கி முனகி மணிக்கு நாற்பது மைல் போகும். அதை அவர் "என்ர ஸ்போர்ட்ஸ் கார்" என்பார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வரத் தொடங்கிய காலம். நயினாதீவுக்குப் போன யாரோ அவருடைய காரில் ஒரு ஆங்கிலக் கார் மகசினை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதில்தான் முதன்முதல் பார்த்தோம்... அடாப்டிவ் குரூஸ் கொன்ட்ரோல். வேகத்தை ஒருமுறை செட் பண்ணிவிட்டால் கார் அதிலேயே ஓடும். முன்னால் போகிற வாகனம் மெதுவானால் இதுவும் தானாக மெதுவாகும். காலுக்கு வேலை இல்லை.

அப்போது அது சில சொகுசுக் கார்களுக்குத்தான் வந்திருந்தது. ஸ்போர்ட்ஸ் காருக்கும் கொடுக்க வேண்டுமா என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அது போதாதா! ஆயுளில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தொட்டும் பார்க்காத இரண்டு பேர் சந்தியில் நின்று ஒரு கிழமை சண்டை பிடித்தோம்.

"அவமானம் அண்ணை. மிதிச்சு ஓடத்தானே அந்தக் கார்? தானா ஓடுறதெண்டால் பஸ்ஸில ஏறி இருக்கலாமே." இது நான்.

"குடுக்கட்டும். ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருக்கிறவன் நெடுகவும் பறக்கிறானோ? அவனும் நாலு வாகனத்துக்குப் பின்னால நிக்கிறவன்தானே. நான் போடச் சொல்லேல்லை, இருக்கட்டும் எண்டு சொல்லுறன். உமக்கு வேண்டாமெண்டால் சுவிச்சைப் போடாமல் விடும்."

"அப்ப ஓடத் தெரியாதவனுக்கும் ஸ்போர்ட்ஸ் கார் குடுப்பியளோ?"

"ஓடத் தெரிஞ்சவனுக்குத்தான் கேக்கிறன். ஆசை இருக்கு, கால் சொல்வழி கேக்குதில்லை எண்டு வையும்... அவன் என்ன செய்யிறது?"

"கால் ஏலாதவனுக்கு ஏன் அண்ணை ஸ்போர்ட்ஸ் கார்?" என்றேன்.

சந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். மகசினை மூடி சீட்டுக்குக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை.

ஓடும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். நான் விடுவேனா? "காருக்குள்ள சாமி இருக்கோ அண்ணை?" என்று கேட்பேன். "டாஷ்போர்டில மாதா சுருவம் இருக்கு, கண் தெரியேல்லையோ?" என்பார். அந்தச் சின்னச் சிலையைத் தொட்டும் காட்டுவார்.

அந்தப் பாலத்துச் சம்பவம்... அதையும் சொல்ல வேண்டும்.

என் கார் கராஜில். குறிகட்டுவானில் படகால் இறங்குகிற ஆட்களை ஏற்ற அவருடன் போனேன். புங்குடுதீவுப் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல், முன்னால் போன ட்ரக்டர் மெதுவானது. எங்கள் கார் மெதுவாகவில்லை.

"அண்ணை, பிரேக்!" என்று கத்தினேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார்.

பிறகு ஹான்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். ட்ரக்டர் பெட்டிக்கு ஒரு முழம் இருக்க, கார் சரிந்து நின்றது.

"பிரேக் பிடிக்கேல்லை" என்றார். மெல்ல மெல்ல மடத்துவெளி வரை கொண்டுபோய் நிறுத்தி, என்னை ஓடச் சொன்னார். ஓடினேன். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது.

அடுத்த கிழமையே காரை விற்றுவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தி முழுக்கச் சொன்னேன், அருளப்பு அண்ணைக்குப் பயம் வந்திட்டுது என்று. கனடா வந்தும் விடவில்லை. போன் எடுத்தால் முதல் கேள்வி, "பயம் போயிட்டுதோ அண்ணை?"

போன கிழமையும் கேட்டேன்.

இங்கே ஒரு ஷோரூமில் அந்தக் குரூஸ் கொன்ட்ரோல் உள்ள காரில் ஏறி இருந்து பார்த்ததாகவும் சொன்னேன். உடனே பகிடிப் பேச்சை விட்டுவிட்டுக் கேட்டார். "முன்னுக்கு ஆரும் நிண்டால் உண்மையா தானா மெதுவாகுதோ? ஸ்போர்ட்ஸ் காருக்கும் குடுத்திட்டாங்களோ?"

"இன்னும் விடமாட்டியள் என்ன?" என்று சிரித்தேன். அதுதான் நான் அவரோடு கடைசியாகக் கதைத்தது.

இன்று போனில் அக்காவிடம், "நல்லா இருந்த மனுசனெல்லோ அக்கா" என்று அழுதேன்.

"எங்க தம்பி நல்லா இருந்தவர்? சீனி வியாதியில வலது கால் விறைச்சு எத்தினை வருசம். செருப்பில்லாமல் மிதிச்சால்தான் பெடல் கொஞ்சமெண்டாலும் தெரியுமாம். பாலத்தில பிரேக்கை மிதிக்கிறன் எண்டு நினைச்சவராம், கால் அக்சிலேற்றரிலயே கிடந்திருக்கு. வீட்டை வந்து அழுதவர். 'இனித் தொடமாட்டன், ஆரையும் கொன்றுபோடுவன்' எண்டவர்."

"ஏன் அக்கா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"



"ரவிக்கு மட்டும் சொல்லிப்போடாதை எண்டவர்."

எனக்கு மட்டும்...

சந்தியில் எல்லோருக்கும் முன்னால் கால் ஏலாதவனைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வசனம் போனை வைத்ததிலிருந்து காதுக்குள்ளேயே நிற்கிறது. ஐயோ, என்ன வாய் இது.

நாளைக்கு அடக்கம். நான் வந்து சேர ஏலாது.

அண்ணை, குடுக்கட்டும். ஸ்போர்ட்ஸ் காருக்கும் குடுக்கட்டும்.

போயிட்டு வாங்கோ.