வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிப் போனவள்

என் தங்கை வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறவியிலேயே அவளுக்கு இடது காது கேட்காது. உயரம் என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்தே பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தொன்று வாங்கினாள். கல்லூரிக்கு வழியில்லை என்று அப்பா கையை விரித்தபோது, பகலில் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே மூன்று வருட டிப்ளமாவை முடித்தாள். ஆறு இடங்களில் நேர்முகத் தேர்வில் தோற்றாள். ஏழாவது இடத்தில் ஒருவர், "காது கேக்காம போன்ல எப்படிம்மா பேசுவே?" என்று கேட்டாராம். "ஸ்பீக்கர்ல போட்டுத்தான் சார். என்கிட்ட பேசறவங்கதான் பாத்துப் பேசணும்" என்றாள். வேலை கிடைத்தது. தண்ணீரைக் கண்டாலே தலை சுற்றி விழுபவள், இருபத்தாறு வயதில் நீச்சலும் கற்றுக்கொண்டாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்ப்பது என் வேலை. பட்டன், தையல், அளவு என்று எண்ணியே பழகிவிட்டதால், அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் மணியோடு குறித்து வைத்தேன்.

அவள் வேலை பார்ப்பது ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில். அங்கே ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனி டப்பாவில் போட்டு ஓட்டுவார்கள். அதற்கு கன்டெய்னர் என்று பெயர். டப்பா கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருந்த தகவல் மட்டும் போய்விடக் கூடாது. அந்தத் தகவலை டப்பாவுக்கு வெளியே பத்திரமாக வைத்திருக்க ஒரு சாப்ட்வேர் உண்டு. அதைக் கட்டிக் காப்பதுதான் இவள் பொறுப்பு. நோயாளிக்கு ஒரு பெட்டி. எந்த இடத்தில், எவ்வளவு கதிர், எத்தனை நாள் என்ற திட்டம் அதில் இருக்கும். ஒரு திட்டம் போட ஐந்து நாளாகும் என்பதால், ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று பிரதி, மூன்று வேறு இடங்களில்.

ஏழு வருடமாக அவள் ஒப்பந்த ஊழியர். எதை மாற்றினாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அடியில் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம். வேலை இவளுடையது, கட்டம் மேலாளருடையது. எதைக் கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்பதால் அவருக்கு அந்த அறையில் 'ஆகட்டும் சார்' என்றே பெயர்.

அவர் சொல்லித்தான் வெள்ளிக்கிழமை மாலை அந்த சாப்ட்வேருக்குப் புது வெர்ஷன் போட்டாள். சனிக்கிழமை ஒரு தொந்தரவும் இல்லை. ஞாயிறு காலை 9.10க்கு, நோயாளிகளின் திட்டம் போடும் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். திட்டங்கள் திறக்க நேரமாகிறது, இரண்டு திறக்கவே இல்லை.

தங்கைக்கு அப்போது கணுக்காலில் மாவுக்கட்டு. நீச்சல் குளத்துப் படியில் வழுக்கி விழுந்திருந்தாள். "தண்ணிக்குள்ள விழுந்திருந்தா தப்பிச்சிருப்பேன்க்கா, தரையிலதான் எனக்கு நீச்சல் தெரியல" என்று அதையும் சிரிப்பாக்கியவள், அன்று காரில் வழி முழுக்கப் போன் திரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லிப்ட் ஓடாது. மூன்று மாடி, அறுபத்தாறு படி, என் தோளைப் பிடித்தபடி ஏறினாள். கூட வேலை பார்ப்பவர் விடுப்பில் இருந்தார். காவலாளி எனக்குப் பார்வையாளர் அட்டை எழுதிக் கொடுத்தார்.

திரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. புது வெர்ஷனுக்குப் பொறுமை இல்லை. ஒரு பிரதி பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாலும் அது செத்துவிட்டது என்று ஒதுக்கிவிட்டு, வேறொன்றை எழுத ஆரம்பிக்கிறது. எழுதும் பளுவில் பக்கத்துப் பிரதி தாமதிக்கிறது. அதையும் ஒதுக்குகிறது. 9.50க்கு ஒரே ஒரு பிரதியோடு நின்ற பெட்டிகள் ஆறு. 10.05க்கு ஒன்பது.

"அந்த ஒண்ணும் போச்சுன்னா?"

"அந்த ஆளோட திட்டம் போச்சுக்கா. முதல்லேருந்து போடணும். அஞ்சு நாள் சிகிச்சை நிக்கும்."

என்னால் உட்கார முடியவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். அவளால் நடக்க முடியாது. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

மேலாளரைக் கூப்பிட்டாள். எங்கேயோ காரில் போய்க்கொண்டிருந்தார்.

"பழைய வெர்ஷனை அப்படியே மேல போட்டுடும்மா. பத்து நிமிஷ வேலை."

"முடியாது சார். எந்தப் பிரதி எங்க இருக்குங்கற பதிவேட்டையே புதுசு வேற மாதிரி மாத்தி எழுதிடுச்சு. பழசுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தன் பதிவேட்டுல இல்லாத பிரதியெல்லாம் குப்பைன்னு துடைச்சுடும்."

"தானா துடைக்கிற வசதியை எவன் போட்டு வச்சான்?"

"நீங்கதான் சார். போன மாசம். டிஸ்க்ல இடம் பத்தலைன்னு."

அவள் தன் வழியைச் சொன்னாள். எல்லாப் புரோகிராமையும் நிறுத்த வேண்டும். பெட்டிகளைத் தனி டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். துடைக்கும் வசதியை அணைத்துவிட்டு வெள்ளிக்கிழமைப் பதிவேட்டைத் திரும்ப வைத்து, அதன் பிறகுதான் பழைய வெர்ஷன். ஆறு மணி நேரம் பிடிக்கும்.

"ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியை மூடுன்னு நான் கையெழுத்துப் போடணுமா? நாளைக்குக் காலையில ஆறரைக்கு முதல் நோயாளி வந்துடுவாரு. இடையில ஏதாவது ஆச்சுன்னா? மூணு மணிக்கு நேர்ல வந்து பாக்கறேன், அதுவரை எதையும் தொடாதே."

"மூணு மணி வரைக்கும் இது தாங்காது சார். ஒத்தைப் பிரதியோட நிக்கற பெட்டி இப்ப பன்னெண்டு ஆயிடுச்சு."

"என் பேரு அதுல வரக் கூடாது. அவ்வளவு தைரியம் இருந்தா நீயே போட்டுக்கோ."

"போடலாம் சார். படிவத்துக்குப் பின்னாடியே இருக்கு, வேலையைச் செய்யறவரோ அவரோட மேலாளரோன்னு."

"ஆகட்டும், ஆகட்டும்" என்று வைத்துவிட்டார்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "வேலை போயிடும்டீ."

"போகட்டும்க்கா. இது நான் போட்ட வெர்ஷன்." முழங்கால் மேல் பரீட்சை அட்டையில் படிவத்தை வைத்து, பொறுப்பாளர் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். பேனா இரண்டு இடத்தில் தடுக்கியது.

அந்த அறையில் ஒரு பழக்கம். ஒருவர் படிக்க வேண்டும், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் விசையைத் தட்ட வேண்டும். படிக்க ஆள் இல்லாததால் என்னைப் படிக்கச் சொன்னாள். அவள் எழுதிய தாளில் பதினான்கு வரிகள். ஒரே பிரதியோடு இருந்த பெட்டிகளை முதலில் நகலெடுத்தாள். ஒன்று முடிந்தால் அடுத்தது. திரையில் ஒரு கோடு எறும்பு மாதிரி நகரும். அது நின்றால் எங்கள் மூச்சும் நிற்கும். 1.40க்கு நகல் வேலை முடிந்தது.

ஒன்பதாவது வரியைப் படித்தேன். "வெள்ளிக்கிழமைப் பதிவேட்டை வை. பெட்டிகள் நாற்பத்தொன்று."

"வெள்ளிக்கிழமைப் பதிவேடு. பெட்டிகள் நாற்பத்..." விரல் விசைக்கு மேலேயே நின்றது. "திரையில இப்ப எத்தனைக்கா இருக்கு?"

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்று.

திட்டப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டாள். "ஆமா, நேத்து புதுசா ரெண்டு பேருக்கு ஸ்கேன் எடுத்தோமே. அவங்களுக்குத்தான் பெட்டி திறந்தோம்" என்றார் அவர்.

தங்கை சேரில் சாய்ந்துவிட்டாள். நகலெடுக்க வேண்டிய பட்டியலை அவள், வெள்ளிக்கிழமை வெர்ஷன் மாற்றும் முன் அச்செடுத்த தாளைப் பார்த்து எழுதியிருந்தாள். சனிக்கிழமை வந்தவர்கள் அதில் இல்லை. விசையைத் தட்டியிருந்தால், பழைய பதிவேட்டுக்கு அந்த இரண்டு பேர் யாரென்றே தெரிந்திருக்காது. அவர்களுக்கு நகலும் இல்லை.

"என் தப்புக்கா. முழுக்க என் தப்பு."

"தப்பை அப்புறம் எண்ணிக்கலாம். இப்ப பெட்டியைப் பாரு."

ஒன்றுக்கு இரண்டு பிரதி இருந்தது. இன்னொன்றுக்கு ஒன்றுதான், அதுவும் மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க இருபத்திரண்டு நிமிடம். பதினேழாவது நிமிடத்தில் கோடு நின்றது. அவள் ஒன்றும் செய்யவில்லை. "இப்ப தொட்டா கெடும்" என்று மட்டும் முணுமுணுத்தாள். நாற்பது நொடி கழித்து நகர்ந்தது.

அதற்குப் பிறகுதான் ஒன்பதாவது வரி. பழைய பதிவேடு வந்தது. பழைய வெர்ஷன் வந்தது. புதிதாக இரண்டு காலிப் பெட்டிகளைத் திறந்து, எடுத்து வைத்த நகல்களை அவற்றில் கொட்டினாள். மேலாளர் 3.15க்கு வந்து, எங்கள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 4.35க்கு எல்லாம் பச்சை. திட்டப் பிரிவுப் பெண் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு 5.20க்குச் சொன்னார்: "நாப்பத்து மூணும் இருக்கு. சரியா இருக்கு."

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "நல்லபடியா முடிஞ்சுது. அந்தப் படிவத்தைக் குடும்மா, நானே கையெழுத்துப் போட்டுடறேன். உனக்கு எதுக்கு வீண் தலைவலி."

"கட்டத்துல இடமில்ல சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

தப்பை அவள் மறைக்கவில்லை. இரண்டு பெட்டிகள் பட்டியலில் விட்டுப்போனதையும், யாரால் என்பதையும் குறிப்பில் எழுதினாள். திங்கட்கிழமை காலை 6.30க்கு முதல் நோயாளி உள்ளே போனார். அவள் வேலை இதுவரை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. படிவத்தின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. கட்டத்தின் கோட்டைத் தாண்டி, கொஞ்சம் சாய்வாக, முழுப் பெயர். அந்த இடத்துத் தாள்களில் அவள் முதல்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.32.