சிகாகோவா, ஹூஸ்டனா, சொல்லுங்க மேடம்!

ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: நாம் பார்த்தே இராத ஊரைப் பற்றி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி பேச வேண்டும்.

கேளம்பாக்கம் தாண்டி இருக்கும் ஒரு ஐ.டி. கம்பெனியில் என் மேஜைக்கு 'ரீலொகேஷன் டெஸ்க்' என்று பெயர். எங்கள் கம்பெனிக்கு அமெரிக்காவில் இரண்டு ஊரில் வேலை. வடக்கே சிகாகோ, தெற்கே ஹூஸ்டன். போகிறவர்கள் எந்த ஊர் வேண்டும் என்று அவர்களே சொல்லலாம். அதனால் எல்லோரும் நேராக என்னிடம் வந்து, "எந்த ஊர் மேடம் இருக்கறதுக்கு நல்லது?" என்பார்கள். நான் அணுபுரத்தில் குடியிருப்பவள். அதிகபட்சம் டெல்லி வரை போயிருக்கிறேன். ரயில்வே விசாரணைக் கவுன்ட்டரோ, ஆஸ்பத்திரி ரிசப்ஷனோ, எங்கேயாவது உட்கார்ந்து நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவரா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்கும் தெரியும்.

ஒரே நாளில் இரண்டு பேர்

சரவணனும் பிரேமாவும் ஒரே நாளில் என்னிடம் வந்தார்கள். பிரேமா கேளம்பாக்கத்தில் ஃப்ளாட்டில் இருப்பவள். கணவன் தினேஷ், ஆறு வயது மகள் யாழினி. குழந்தைக்கு வீசிங் தொந்தரவு. குளிர் பட்டால் மூச்சு இழுத்துவிடும், நெபுலைசர் மிஷினில் மருந்தை ஆவியாகக் கொடுத்தால்தான் அடங்கும். பிரேமா மூன்று பக்கத்துக்குக் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பள்ளிக்கூடம், வாடகை, டாக்டர், தேங்காய் கிடைக்குமா என்பதுவரை எல்லாம் இருந்தது. நான் இரண்டாவது பக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "சிகாகோ பனியில உறைஞ்சிடும். ஹூஸ்டன் வெயிலும் புழுக்கமும் நம்ம ஊர் மாதிரியே. குழந்தைக்காகக் கண்ணை மூடிக்கிட்டு ஹூஸ்டன் போங்க." அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. எனக்கும்தான்.

சரவணன் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம். விவசாயக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கல்லூரிக் காலம் முழுவதும் செங்கல்பட்டு எலக்ட்ரிக் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவன். அவனிடம் இருந்தது ஒரே கேள்வி. "ரெண்டுல எந்த ஊர்ல ட்ரெயின் கீது மேடம்?" சிகாகோவில் ரயில் கட்டடங்களுக்கு நடுவே, தலைக்கு மேலே தூண்கள் மேல் ஓடும் என்றேன். குளிரைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் எழுந்துவிட்டான்.

"ட்ரெயின் ஓடுதுன்னா அது ஊரு மேடம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பால் வாங்கப் போனவள்

ஹூஸ்டன் போன முதல் சனிக்கிழமை, பால் வாங்கக் கடைக்கு நடந்து போயிருக்கிறாள் பிரேமா. மேப்பில் பார்த்தால் கடை பக்கம்தான். ஆனால் வழியில் பாதிக்கு மேல் நடைபாதையே கிடையாது. ரோட்டைக் கடக்கலாம் என்று பார்த்தால், ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து பாலங்கள் வானத்தில் வளைந்து நெளிந்து போகின்றன. ஒவ்வொன்றிலும் கார்கள் ஆறு மாதிரி ஓடுகின்றன. பால் ஞாபகமே போய், அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாளாம். "இதெல்லாம் மனுஷங்க கட்டினதா மேடம்?" என்று ஃபோனில் கேட்டாள்.

கார் ஓட்டத் தெரியாதவர்கள் அந்த ஊரில் குடியிருக்க முடியாது என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் எழுதி வந்த மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது, நான்தான் இரண்டாம் பக்கத்திலேயே முடித்துவிட்டேன். பிறகு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு அதே பாலங்களில் ஏறி ஆபீஸ் போகிறாள். அன்றைக்கு அவள் சொன்னது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

"நான் நடக்கறதப் பார்த்து மூணு பேர் வண்டியை நிறுத்தி, 'ஏதாவது பிரச்சினையா, உதவி வேணுமா'ன்னு கேட்டாங்க மேடம். 'இல்லங்க, நடக்கிறேன், அவ்வளவுதான்'னு சொல்ல எனக்கே வெக்கமா போச்சு."

நாற்காலி மரியாதை

ட்ரெயினை நம்பிப் போன சரவணனும் கடைசியில் ஒரு பழைய கார் வாங்கிவிட்டான். அந்த வருஷப் பனியில் தெருவில் நின்ற அவன் கார் இருந்த இடமே தெரியவில்லையாம். காலையில் மண்வெட்டி வாங்கி வந்து, இரண்டு மணி நேரம் வெட்டித் தள்ளி வண்டியை வெளியே எடுத்திருக்கிறான். மூக்கில் வழிந்த தண்ணீர் மீசையில் உறைந்து நின்றதைப் படம் எடுத்து அனுப்பினான். வண்டியைக் கிளப்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, கால் உடைந்த ஒரு சமையலறை நாற்காலியைக் கொடுத்தாராம். வெட்டிய இடத்தில் அதைப் போட்டுவிட்டுப் போ, இடம் உன்னுடையது என்றாராம்.

சரவணன் நம்பவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடி ஏழெட்டுக் கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த நாற்காலி மட்டும் மடியில் பனியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. யாரும் தொடவில்லை.

"நம்ம பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டுப் புடிச்ச சீட்டுக்கே சண்டை நடக்கும் மேடம். இங்க ஒரு ஒடஞ்ச நாற்காலிக்குத் தெருவே மரியாத குடுக்குது."

உப்பு இல்லாத கடல்

மகனைப் பார்க்கப் போவதற்கான விசா பேப்பர் விஷயமாகச் சரவணனின் அப்பா என் மேஜைக்கு வந்திருந்தார். வெள்ளை வேட்டி சட்டை. ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர். ஏ.சி. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குச் சாயங்காலம், சிகாகோவில் விடிகாலை. சரவணன் வீடியோவில் வந்து, "அப்பா, இத்தப் பாரு" என்று ஃபோனைத் திருப்பினான்.

தண்ணீர். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர். அலை வந்து கரையில் மோதுகிறது. மாமல்லபுரத்தில் கடலிலிருந்து எழும்புகிற மாதிரியே அந்தத் தண்ணீரிலிருந்து சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கடலாடா?"

"கடல் இல்லப்பா, ஏரி. உப்பே கெடையாது. ஊரே இந்தத் தண்ணியத்தான் குடிக்குது."

அவருக்குத் தெரிந்த பெரிய ஏரி செங்கல்பட்டுக் கொளவாய் ஏரி. ரயிலில் போனால் ஜன்னலில் கொஞ்ச நேரம் கூடவே வரும். அதற்கு அக்கரை உண்டு. இதற்கு அக்கரையே காணோம். அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். நானும் என் நாற்காலியைவிட்டு எழுந்து, அவர் பின்னால் போய் நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் சிகாகோ என்றால் 'பெரிய ஏரிக்கரை நகரம்' என்று எல்லோருக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"இம்மாந் தண்ணிக்கு யாரும்மா மதகு தொறக்கறது?"

பேர் சொல்லாதவர்

ஹூஸ்டனில் புயல் வரும் என்பதையும் நான் பிரேமாவிடம் அழுத்திச் சொல்லவில்லை. வெயில் நம்ம ஊர் மாதிரி என்று சொன்னேனே தவிர, மழையும் நம்ம ஊர் மாதிரி ஆகலாம் என்று தோன்றவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பூஞ்சேரி தாண்டும்போது பிரேமாவிடமிருந்து செய்தி. "தண்ணி கட்டில் உயரத்துக்கு வந்துடுச்சு. கரண்ட் இல்லை. நெபுலைசர் போட முடியலை. யாழினிக்கு மூச்சு இழுக்குது." கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் ஹூஸ்டன் ஆபீஸைப் பிடித்தார், அங்கே இருந்தவர்களே தண்ணீருக்குள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். குழந்தைக்காக ஹூஸ்டன் போங்க என்று சொன்னது நான். கண்ணை மூடிக்கிட்டுப் போங்க என்று சொன்னதும் நான்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. பிரேமாவே கூப்பிட்டாள். தெருவில் ஒரு மீன்பிடிப் படகு வந்ததாம். பக்கத்து மாநிலத்திலிருந்து படகை வண்டியில் கட்டி இழுத்து வந்த ஒரு ஆள். அரசாங்கம் அனுப்பவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. டி.வி.யில் பார்த்ததும் கிளம்பி வந்தவர். பிரேமாவையும் தினேஷையும் ஏற்றி, யாழினியை மார்போடு அணைத்துக்கொண்டு, மேட்டில் நின்ற தன் வண்டிக்குக் கொண்டுபோய், பிரேமா கையோடு எடுத்து வந்த நெபுலைசரை அந்த வண்டியின் கரண்டில் போட்டிருக்கிறார். குழந்தையின் மூச்சு சீராகும் வரை ஈரத்தோடு பக்கத்திலேயே நின்றாராம். அதற்கப்புறம்தான் படகுக்குத் திரும்பியிருக்கிறார். இதைச் சொல்லும்போது பிரேமா அழவில்லை. கேட்ட நான்தான் அழுதேன்.

"பேர் கேட்டேன் மேடம். 'இன்னும் நெறைய வீடு பாக்கி இருக்கு'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு."

நான் போட்ட உத்தரவு

மறுநாளே வேலையில் இறங்கினேன். பிரேமா குடும்பத்தைச் சிகாகோவுக்கு மாற்ற எல்லாப் பேப்பரும் தயார். மேலதிகாரி உடனே சம்மதித்தார். சரவணன் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு ஃப்ளாட் பார்த்துவிட்டான். ஒரு நல்ல குழந்தை டாக்டரையும் விசாரித்து வைத்தான். குளிருக்கு வேண்டிய முன்ஜாக்கிரதை எல்லாம் அவரே சொல்லிக்கொடுப்பாராம். செய்த தப்பைச் சரிசெய்துவிட்ட திருப்தியோடு பிரேமாவைக் கூப்பிட்டேன்.

அவள் முதலில் நன்றி சொன்னாள். அப்புறம் ஃபோனைத் திருப்பி வீட்டைக் காட்டினாள். தண்ணீர் வடிந்த வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர். ஈரமான தரை விரிப்பைச் சுருட்டி வெளியே இழுக்கிறார்கள். அங்கே சுவர் அட்டை மாதிரி இருக்குமாம். ஈரம் ஊறினால் பூஞ்சை பிடிக்கும் என்று, சுவரை இடுப்பு உயரத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு லாரி டிரைவர், அவர் மனைவி, பின் தெருவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அதுவரை பிரேமா அவர்களிடம் கையசைத்ததோடு சரி, பேசியதுகூட இல்லை. சிகாகோ டிக்கெட் எந்தத் தேதிக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவுன்னு எங்க வீட்டைத்தான் முதல்ல சுத்தம் பண்றாங்க மேடம். அவங்க வீட்டுல சேறு இன்னும் அப்படியே கிடக்கு. இவங்களை விட்டுட்டு நான் எந்த நல்ல ஊருக்குப் போறது?"

நான் சரியென்று சொன்னது தப்பாகிறது, தப்பென்று நினைத்த ஊரிலேயே ஆட்கள் தங்கிவிடுகிறார்கள், இருந்தும் கம்பெனி எனக்கு மாதா மாதம் சம்பளம் கொடுத்து யோசனை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.