ஸைனம்பு பின்தோட்டத்தில் கட்டிய இருக்கை

தங்கை றமீஸா மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ட நிமிடத்தில்தான் ஸைனம்புவுக்குத் தன் வீட்டின் மேலேயே வெறுப்பு வந்தது.

அறுபத்தைந்தாம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாவது வாரம். எட்டு மாத வயிற்றோடு யட்டவத்தையிலிருந்து பஸ் ஏறிப் பலாபத்வலையில் இறங்கியிருந்தாள் றமீஸா. தேர்தல் நெருங்கிய நேரம். ஸைனம்புவின் கணவர், மிளகு வியாபாரி மஹ்ரூபின் முன் விறாந்தையிலும் முற்றத்துச் சீமெந்துக் கட்டுகளிலும் ஆண்கள் நிரம்பியிருந்தார்கள். அவர்களைக் கடந்து போகக் கூச்சப்பட்டு, பக்கத்து ஒழுங்கைச் சந்து வழியே சுற்றிப் பின்பக்கம் வந்தாள். குசினிக் கதவு தாழிட்டிருந்தது. தட்டினாள், கூப்பிட்டாள். முன்னாலிருந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மிளகுக் கூடையொன்றைக் கவிழ்த்துப் போட்டு அரை மணி நேரம் தூறலில் உட்கார்ந்திருந்தாள். அந்த அரை மணி நேரமும் ஸைனம்பு உள்ளே நின்று, முன்னாலிருந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள். அவளைப் பார்க்க வரும் பெண்கள் குசினிப் படியில் ஒருக்களித்து உட்கார்ந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே பேசிவிட்டுப் போவார்கள். அதை ஒரு குறையாக அவளும் அதுவரை நினைத்ததில்லை.

அன்று மாலையே கணவனிடம் போய் நின்றாள்.

“பின்னால எனக்கு உட்கார்றதுக்கு ஒரு எடம் கட்டணும்.”

“முன்னால இருக்கிறது போதாதா?”

“முன்னால நான் எப்பங்க உட்கார்ந்தேன்? ஒரு நாளச் சொல்லுங்க பாப்போம்.”

“சரி சரி, கட்டிக்க” என்று மஹ்ரூப் கையை வீசிவிட்டு எழுந்து போனார்.

ஸைனம்பு அந்த வார்த்தையை விடவில்லை. மூன்று நாட்கள் தோட்டத்தில் குச்சி நட்டு, வெயில் எங்கே ஏறி எங்கே இறங்குகிறதென்று பார்த்தாள். பலாமரத்தடி வேண்டாம், காய் தலையில் விழும். சாதிக்காய் மரத்தடியில் பத்து மணிக்குப் பிறகு நாள் முழுக்க நிழல். ஆனால் அங்கே நிலம் சரிவு. கீழ்ப்பக்கம் கல் கட்டி மண் நிரப்ப வேண்டும். றமீஸா ஊருக்குத் திரும்புவதற்கு முன், செங்கற்களை அடுக்கி அவற்றின்மேல் அவளை உட்காரவைத்து, எத்தனை கல் உயரமென்றால் வயிற்றுப் பிள்ளைக்காரி கையூன்றாமல் எழும்பலாம் என்று பார்த்து வைத்தாள். கலண்டர் தாளின் பின்புறத்தில் கரியால் வரைந்தாள்: ‘ட’ எழுத்துப் போல இரண்டு இருக்கைக் கட்டு, முகம் தோட்டத்தைப் பார்த்து, வீட்டு முன்பக்கத்துக்கு வழியில்லை, அந்தப் பக்கம் செவ்வரத்தை வேலி.

வஹகோட்டையிலிருந்து வந்த மேசன் அந்தோனிமுத்து பாஸ் அந்தத் தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். “நல்லா யோசிச்சிருக்கீங்க தங்கச்சி. தண்ணி ஓட ஒரு வாட்டம் மட்டும் குடுத்தாப் போதும்” என்றார்.

கல் இறங்கி, சரிவில் மண் தாங்கும் கட்டும் எழும்பியபோது யட்டவத்தையிலிருந்து ஆள் வந்தது. றமீஸாவுக்கு வலி கண்டுவிட்டது. ஸைனம்பு ஓடினாள். ஆண் பிள்ளை. பன்னிரண்டு நாட்கள் தங்கையோடு இருந்துவிட்டுத் திரும்பினாள்.

பையைக்கூட இறக்காமல் நேரே பின்னால் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ‘ட’ இல்லை. நீளமாக மூன்று கட்டு, எல்லாம் வீட்டு முன்பக்கத்தைப் பார்த்து. வேலி வரவேண்டிய இடத்தில், முற்றத்திலிருந்து ஏறி வர மூன்று படிகள்.

“யார் சொல்லிக் கட்டினீங்க பாஸ்?”

அந்தோனிமுத்து சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். “மொதலாளி வந்து நின்னு சொன்னாரு தங்கச்சி. முன்னால எடம் பத்தலையாம். வர்ற ஆளுங்க இங்கயும் உட்காரட்டும்னாரு.”

“இது யாருக்குன்னு சொல்லி ஒங்களக் கூப்பிட்டேன்?”

“ஒங்களுக்குத்தான்.”

“பொறகு?”

அவர் கையில் ஒட்டியிருந்த சாந்தைத் துடைத்துக்கொண்டார்.

சுவரோரம் கல் பெயர்க்கும் இரும்பு அலவாங்கு சாத்தியிருந்தது. ஸைனம்பு பையைப் போட்டாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், அலவாங்கைத் தூக்கி முதல் படியில் இறக்கினாள். நெஞ்சுக்குள் எரிந்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது போலிருந்தது. இரண்டாம் குத்தில் படியின் மூலை பெயர்ந்தது. சத்தம் கேட்டு மஹ்ரூப் ஓடிவந்தார். பின்னாலேயே அவருடைய கூட்டாளி ஸஹாப்தீனும் இன்னும் இரண்டு பேரும்.

“ஸைனம்பு! ஒனக்குப் பைத்தியமா? ஆளுங்க பாக்கிறாங்க!”

“பாக்கட்டும்! எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்! இவங்களுக்கு நான் ஊத்தாத தேத்தண்ணியா? என் கூடப் பொறந்தவ வயித்தோட மழையில கெடந்தா. நீங்க எனக்குக் கட்டிக்கச் சொன்ன எடத்துல இவங்களுக்குப் படி வைக்கிறீங்க!”

“கொஞ்ச நாளைக்குத்தானே. தேர்தல் முடிஞ்சதும்...”

“ஒரு நாளைக்கும் குடுக்க மாட்டேன்!”

மறுபடியும் குத்தினாள். அலவாங்கு வழுக்கிக் கல்லில் பட்டுத் தீப்பொறி பறந்தது. ஸஹாப்தீன் மெதுவாக நழுவினார். மற்ற இருவரும் அவர் பின்னால் போனார்கள்.

அந்தோனிமுத்து எழுந்து வந்தார். மஹ்ரூபை ஒரு தரம் பார்த்தார். பிறகு அலவாங்குக்காகக் கை நீட்டினார். “இங்க தாங்க தங்கச்சி. அப்பிடிக் குத்தக் கூடாது, மூட்டுல குத்தணும். சாந்து இன்னும் இறுகல” என்றார். அவரே மூன்று படிகளையும் நீளக் கட்டுகளையும் பெயர்த்துப் போட்டார். மஹ்ரூப் உள்ளே போனார்.

நான்கு நாட்களில் கலண்டர் தாளில் இருந்தபடி ‘ட’ எழும்பியது. அந்த நான்கு நாளும் ஸைனம்பு முக்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மஹ்ரூப் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு முன்விறாந்தைக்குத் தேத்தண்ணி கிடையாது என்பதையும் அவள் வாயால் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். தேர்தல் முடிவதற்குள்ளேயே முன்னாலிருந்த கூட்டம் பாதியாகக் குறைந்தது.

பின்னால் ஆட்கள் கூடினார்கள். பக்கத்து வீட்டு ஹமீமா வருவாள், பாஸின் மனைவி மரிய கொறற்றி சந்தைக்கு வந்தால் கூடையை இறக்கிவைத்துக் காலை நீட்டிக்கொள்வாள். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்து றமீஸா பிள்ளையோடு வந்தாள். சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“ராத்தா, மச்சான் மேல இன்னுமா கோவம்?”

“ஆமா.”

“எடந்தான் கெடச்சிருச்சே.”

“கேட்டப்பவே கெடச்சிருந்தாக் கோவம் எதுக்கு? இருபத்திரெண்டு வருஷம் கேக்கத் தெரியாம இருந்தேனே, அதுக்கும் சேத்துத்தான்” என்றாள் ஸைனம்பு. பிள்ளையின் முகத்தில் விழுந்த வெயிலைக் கையால் மறைத்தபோதும் அவள் குரல் தணியவில்லை.