ஒன்பதாம் அறைக்கு வந்தவர்

முதியோர் இல்லத்தில் மருந்து அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவருக்கு வேலை. எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டர்காரர். வயது ஐம்பத்து மூன்று. மனைவி போய் ஆறு வருடம். பேச்சுத்துணைக்கு மின்விசிறிதான், அதுவும் மூன்றில் வைத்தால்தான் வாயைத் திறக்கும்.

அறைக் கதவுகளில் சின்னத் திரைகள் மாட்டினார்கள். பார்வையாளரை வாசலில் பதிந்தால், யாரைப் பார்க்க வந்தாரோ அவர் கதவில் அது தெரிய வேண்டும். கம்ப்யூட்டர்காரர் நாற்பது அறை எண்களைச் சாவிகளாக வைத்து, ஒரே வரி நிரலில், எண்ணைச் சொன்னால் அதற்குரியதை எடுத்துத் தரும் டிக்‌ஷனரி செய்தார். எந்த எண்ணைக் கேட்டாலும் அந்த அறைக்கான காலிப் பட்டியல் வந்தது. திருப்தியாக டீ குடிக்கப் போனார்.

அங்கேதான் சறுக்கினார். அந்த வரி நாற்பது பட்டியல்களைச் செய்யவில்லை. ஒரே பட்டியலைச் செய்து, நாற்பது எண்களுக்கும் அதையே கைகாட்டி விட்டது. காலியாக இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் இருபத்திரண்டாம் அறை அம்மாவைப் பார்க்க மகன் வந்தார். நாற்பது கதவுகளிலும் ‘மகன், 10.15’ என்று விழுந்தது.

கம்ப்யூட்டர்காரருக்குத் தகவல் வரப் பதினொன்றரை ஆயிற்று. தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் பட்டியல் பிறக்கும்படி வரியை மாற்றினார். ஐந்து நிமிட வேலை. முப்பத்தொன்பது கதவுகள் வெறுமையாயின.

பன்னிரண்டு மணிக்கு ஒன்பதாம் அறைத் தையல்காரர் வந்து நின்றார். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். நான்கு வருடமாக அவரைப் பார்க்க யாரும் வந்ததில்லை. தான் குளிக்கப் போன நேரத்தில் மகன் வந்திருக்கிறான், எப்படியும் திரும்பி வருவான் என்று வாசல் பெஞ்சிலேயே காத்திருந்தாராம். இப்போது பார்த்தால் கதவில் ஒன்றுமில்லை, மிஷின் கெட்டுவிட்டது என்றார்.

கெடவில்லை, சரியாகிவிட்டது. கம்ப்யூட்டர்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“தப்பு எம்மேலதான் ஐயா. வந்தவரு இருபத்திரண்டுக்கு வந்தவரு.”

தையல்காரர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“அப்ப நாப்பது பேருக்கும் ஒரே புள்ளையா? பாவம், எத்தனை பேரு புலம்பலைத்தான் கேப்பான்.”

தையல்காரர் கதவுவரை போய்த் திரும்பினார்.

“சாயங்காலமா சரி பண்ணியிருக்கலாம் தம்பி.”

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. கம்ப்யூட்டர்காரர் வெளியே போகாமல் வாசல் மேஜையில் பார்வையாளர் பதிவைத் திறந்தார். அறை: ஒன்பது. உறவு என்ற கட்டத்தில் விரல் நின்றது. அதைக் காலியாக விட்டால் பதியாது. அப்படி எழுதி வைத்தவரே அவர்தான். ‘கம்ப்யூட்டர்’ என்று அடித்துவிட்டு நடந்தார்.

ஒன்பதாம் கதவில் மட்டும் அது விழுந்திருந்தது. ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு தட்டினார்.